மிக்கி மேன்டிலின் அறிமுக அட்டை

பேஸ்பால் வீரர்களின் படம் அச்சிட்ட அட்டைகளைச் சேர்க்கும் அமெரிக்கர்கள், ஒரு வீரருக்கு முதன்முதலாக வெளியாகும் அறிமுக அட்டைக்குத்தான் அதிகம் ஏங்குவார்கள். மிக்கி மேன்டில் 1951இல் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு ஆடவந்தார். அந்த ஆண்டு பௌமன் நிறுவனம் வெளியிட்டதே அவருடைய அறிமுக அட்டை. ஆனால் 2022இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனதோ, பௌமன் அட்டைக்கு அடுத்த ஆண்டு டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட அட்டை! எவ்வளவு விலை போனாலும், அறிமுக அட்டை என்ற பெருமை பௌமனுக்கே, அதுதானே நியாயம்?

பிற்காலத்தில், கீழ்நிலை லீக்குகளில் ஆடும்போதே வீரர்களுக்கு அட்டைகள் வந்து, எது அறிமுக அட்டை என்ற குழப்பம் கூடியது. அதனால் 2006 முதல், மேஜர் லீக் அணியில் இடம்பிடித்த பிறகே அட்டையில் அறிமுக முத்திரை பதிக்கிறார்கள்.