தமிழுக்கு எத்தனை பைட்?

‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள்? தொடக்கப்பள்ளி மாணவர்கூட மூன்று என்பார். பைத்தான் நிரல்மொழியிடம் கேட்டால் ஐந்து என்கிறது.

பைத்தான் எண்ணுவது யூனிகோட் குறியீடுகளை. ‘த’ ஒரு குறியீடு. ‘மி’ என்பது மகரமும் இகரக் குறியும். ‘ழ்’ என்பது ழகரமும் புள்ளியும். ஆக மொத்தம் ஐந்து.

கணினியியல் படிக்கும் எனக்கு, இந்த ஐந்தும் நினைவகத்தில் எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்பது இன்னும் சுவையான கேள்வி. 2012ல் வெளிவந்த பைத்தான் 3.3 முதல் விதி இதுதான்: ஆங்கில எழுத்துகள் மட்டுமே உள்ள சரத்தில் குறியீட்டுக்கு 1 பைட், தமிழ் எழுத்து ஒன்று கலந்தாலும் சரம் முழுவதும் தலா 2 பைட், ஓர் எமோஜி சேர்ந்தால் தலா 4 பைட்.

ஏன் சரம் முழுவதும்? புளோக்கின் கீழ்த்தளத்தில் உள்ள தபால் பெட்டிகளைப் பாருங்கள். எல்லாம் ஒரே அளவில் இருப்பதால், வரிசையில் எண்ணிப் பார்த்து வேண்டிய பெட்டியை உடனே எட்டலாம். பைத்தானும் அப்படித்தான் நூறாவது குறியீட்டை நேரே எடுக்கிறது. அந்த வசதிக்கு விலை உண்டு. ஒரு மில்லியன் குறியீடுகள் கொண்ட தமிழ்க் கட்டுரைக்கு ஏறத்தாழ 2 மில்லியன் பைட் போதும். கடைசியில் ஒரே ஒரு சிரிப்பு எமோஜியைச் சேர்த்தால் அது 4 மில்லியனாகிவிடும்!

வேகத்துக்கு வருவோம். பைத்தானில் உருவான சரத்தை மாற்ற முடியாது. அதனால் சுழற்சிக்குள் துண்டு துண்டாக ஒட்டும்போது, பழையதைப் படியெடுத்துப் புதிய சரம் உருவாக்க நேரிடும். சில வேளைகளில் பைத்தானே இதைச் சமாளித்துவிடும்; எப்போதும் அதை நம்ப முடியாது. துண்டுகளைப் பட்டியலில் சேர்த்து, இறுதியில் ‘ஜாயின்’ செய்வதே பாதுகாப்பு.

எது வேகம் என்று ஊகிக்காதீர்கள், அளந்து பாருங்கள். ‘டைம்இட்’ ஒரே வேலையைப் பல முறை செய்து நேரம் கணக்கிடும். கிடைக்கும் முடிவுகளில் ஆகக் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னணியில் ஓடும் பிற செயலிகள் நேரத்தைக் கூட்டுமே தவிர குறைக்காது. நினைவகத்தை அளக்க ‘டிரேஸ்மாலக்’ உண்டு. அது நிரலை மெதுவாக்கும் என்பதால் இரண்டையும் தனித்தனியே அளப்பது நல்லது.

இது வெறும் பைட் கணக்கு அல்ல. ‘தமிழ்’ என்ற சொல்லை நான்கு குறியீட்டில் வெட்டினால் ‘தமிழ’ ஆகிறது. பெயருக்கு நீள வரம்பு வைக்கும் எந்தப் படிவத்திலும் இது நிகழலாம். ‘ரீஜெக்ஸ்’ என்ற கூடுதல் நூலகம் எழுத்தாகவே பிரித்துத் தரும்.

ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவர் கண்ணில் இந்தப் பிழை படாது. அடுத்த முறை பள்ளித் திட்டப்பணிக்கு நிரல் எழுதும்போது, உங்கள் பெயரைத் தமிழில் உள்ளிட்டுப் பாருங்கள். புள்ளி தப்பிக்கிறதா என்று தெரிந்துவிடும்.