கேட்காமல் கேட்பவர்கள்

அபூஹுரைரா (ரலி) பசியோடு வழியில் உட்கார்ந்திருந்த ஒரு நாளைப் பற்றி ஸஹீஹுல் புகாரியில் ஒரு செய்தி உண்டு. பயான்களில் பலமுறை கேட்டிருப்போம். ஒரு குவளைப் பாலில் இறங்கிய பரக்கத்துக்காகவே அது பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அதன் முதல் பாதியில் நாம் அவ்வளவாக நிற்பதில்லை.

மதீனாப் பள்ளிவாசலின் திண்ணையில் தங்கியிருந்த ஏழைத் தோழர்களில் அவரும் ஒருவர். பசி தாங்காமல் வயிற்றில் கல்லைக் கட்டிக்கொண்ட நாட்கள் உண்டு. அன்று ஆட்கள் வந்துபோகும் பாதையில் போய் உட்கார்ந்தார். அபூபக்ர் (ரலி) வந்தார்கள். அவர்களிடம் ஒரு குர்ஆன் வசனத்தைப் பற்றிக் கேட்டார். அவருக்குத் தேவைப்பட்டது விளக்கம் அல்ல, சாப்பாடு. வாய்விட்டுக் கேட்க முடியவில்லை. அபூபக்ர் கடந்து போய்விட்டார்கள். அடுத்து உமர் (ரலி) வந்தார்கள். அவர்களிடமும் ஒரு வசனத்தைப் பற்றிக் கேட்டார், அவர்களும் போய்விட்டார்கள். பிறகு நபி (ஸல்) அவர்கள் வந்தார்கள். இவரைப் பார்த்ததும் புன்னகைத்தார்கள். இம்முறை வசனம் கேட்க அவசியமே வரவில்லை. முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டு, தம்முடன் வரச் சொன்னார்கள்.

கடந்து போன இருவரும் கஞ்சர்களா? தர்மம் செய்யும்படி நபியவர்கள் சொன்னபோது ஒருவர் தம்மிடம் இருந்த அனைத்தையும், மற்றவர் பாதியையும் கொண்டுவந்து வைத்தவர்கள். அவர்களுக்கே அந்தக் கேள்விக்குள் இருந்த பசி தெரியவில்லை. இதேபோன்ற இன்னோர் அறிவிப்பில், விஷயம் பின்னால் தெரியவந்தபோது உமர் (ரலி) வருந்தினார்கள். உம்மை வீட்டுக்குள் அழைத்திருந்தால் அது எனக்குச் சிவந்த ஒட்டகங்களைவிடப் பிரியமாக இருந்திருக்கும் என்ற கருத்தில் சொன்னார்கள். அரபிகளிடம் அதைவிட உயர்ந்த செல்வம் இல்லை.

கையேந்தாமல் இருப்பதால், விவரம் அறியாதவர் வசதியானவர் என்று நினைத்துக்கொள்ளும் ஏழைகளைப் பற்றி அல்பகரா அத்தியாயத்தின் 273ஆம் வசனமும் பேசுகிறது. அவர்களை அடையாளத்தால்தான் அறிய முடியும்.

நம் ஊர்களில் அந்த அடையாளங்கள் என்ன? ஜூன் மாதம் பழைய பாடப்புத்தகம் இருக்கிறதா என்று கேட்கும் பக்கத்து வீட்டுப் பெண். போன பெருநாளில் காதில் இருந்த கம்மல் இந்த நிக்காஹ்வில் இல்லை. "மச்சான் ஊருக்கு வந்துட்டாரா, எப்ப திரும்புறார்?" என்று கேட்டால் பேச்சை மாற்றும் குடும்பம், சவூதியில் வேலை போயிருக்கலாம். மளிகைக் கடையில் நம்மைப் பார்த்ததும் ஒதுங்கி நிற்பவர். நமக்கு மாதச் சம்பளம் தவறாமல் வரும்போது இதெல்லாம் கண்ணில் படும், மனதில் பதியாது. ரமளானில் 2.5 சதவீதம் கணக்குப் பார்த்து, வாசலுக்கு வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். வாசலுக்கு வராதவரைத் தேடிப் போகிற வேலை அப்படியே மிச்சம் இருக்கிறது.

கண்டுகொண்ட பிறகும் கொடுக்கிற விதம் இருக்கிறது. இது ஸகாத் என்று வாங்குபவரிடம் சொல்லித்தான் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பது அறிஞர்கள் பலரின் விளக்கம். பிள்ளையின் படிப்புக்கு என்று கையில் கொடுத்துவிட்டு வரலாம். அவர் நமக்கே கடன்பட்டவராக இருந்தால், வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது அதே அத்தியாயத்தின் 280ஆம் வசனம். தள்ளுபடி செய்வதை இன்னும் நல்லது என்கிறது. போட்டோ எடுத்து ஜமாஅத் வாட்ஸ்அப் குழுவில் போடுவதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

அன்று நபியவர்கள் வீட்டில் இருந்ததும் யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த ஒரு குவளைப் பால்தான். திண்ணைத் தோழர்கள் எல்லோரையும் கூப்பிட்டு வரச் சொன்னார்கள். நமக்கு என்ன மிஞ்சப் போகிறது என்று அபூஹுரைராவுக்கே கவலை. அவரையே எல்லோருக்கும் ஊற்றிக் கொடுக்க வைத்தார்கள். பிறகு அவரை உட்காரவைத்து, இனி இடமில்லை என்று அவர் சொல்லும்வரை குடிக்கச் சொன்னார்கள். மீதியைக் கடைசியில் தாம் குடித்தார்கள்.