உங்களுக்குத் தெரியுமா? முருங்கைச் சாறெடுக்க 15 சோதனை போதும்

முருங்கை இலையில் குவர்செட்டின், குளோரோஜெனிக் அமிலம் போன்ற ஆன்டிஆக்ஸிடன்ட்கள் உண்டு. அவற்றைப் பிரித்தெடுக்க ஆய்வகங்களில் நெடுங்காலம் கைகொடுத்தது மெத்தனால். சாறு நன்றாகவே இறங்கும். ஆனால் அது கண்பார்வையையே பறிக்கக்கூடிய நஞ்சு. உண்ணும் பொருளில் அதன் மிச்சம் எதற்கு? இப்போது அந்த வேலையை எத்தனாலும் தண்ணீரும் கலந்த கரைப்பான் செய்கிறது. வேடிக்கை என்னவென்றால், சுத்த எத்தனாலைவிடத் தண்ணீர் கலந்ததுதான் பெரும்பாலும் அதிகம் இழுக்கும். தண்ணீர் பட்டு இலைத்தூள் உப்பும். கரைப்பான் உள்ளே இறங்க வழி கிடைக்கும்.

கூடவே அல்ட்ராசவுண்ட் செலுத்தினால் திரவத்தில் நுண்குமிழிகள் தோன்றி உடைந்து செல்சுவரைச் சிதைக்கின்றன. மணிக்கணக்கில் ஊறவைக்கும் வேலை நிமிடங்களில் முடிந்துவிடும். சூட்டை ஏற்றிக்கொண்டே போனால் மட்டும் கிடைத்ததும் கெட்டுப்போகும்.

அப்படியானால் எந்த அளவு சரி? அதைக் கண்டுபிடிக்க எத்தனால் அளவு, வெப்பம், நேரம் மூன்றையும் மும்மூன்று நிலைகளில் எல்லா விதமாகவும் மாற்றிப் பார்த்தால் 27 சோதனைகள் வேண்டும். 1960-இல் ஜார்ஜ் பாக்ஸும் டொனால்ட் பென்கெனும் வெளியிட்ட திட்டத்தில் வழக்கமாக 15 போதும்; அவற்றில் 3, நடு அளவையே திரும்பச் செய்து பார்ப்பவை. இதனால் மிச்சமாகும் கரைப்பானும் மின்சாரமும் சுற்றுச்சூழலுக்கும் லாபம்தான்.

சாற்றின் வீரியத்தைப் பார்க்க, டிபிபிஹெச் என்ற ஊதாக் கரைசலில் அதை விடுவார்கள். நிறம் மஞ்சளாக வெளிறும். 517 நானோமீட்டர் ஒளியில் அந்த மாற்றத்தை அளப்பார்கள். இது குடுவைச் சோதனைதான். குடித்த சாற்றில் எவ்வளவு உடம்பில் சேரும் என்பதை இது அளப்பதில்லை.