குற்றாலத்தில் ஒரு கை பார்க்கலாம்!

ஜூன் பிறந்தாலே தென்காசிக்காரனுக்குச் சொந்தபந்தம் பெருகிவிடும். எட்டு வருஷமாக எட்டிப் பார்க்காத சித்தப்பா பையன் திடீரென்று சௌக்கியம் விசாரிப்பான். பழைய ஆபீஸ் நண்பர், “உங்க ஞாபகமாவே இருக்கு சார்” என்று உருகுவார். நம்ம ஞாபகமாவது, மண்ணாவது... அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டது, அவ்வளவுதான்!

வருகிற கேள்விகளும் வழக்கமாக இரண்டுதான். ‘தண்ணி விழுதா? ரூம் கிடைக்குமா?’ இந்த சீஸனில், சென்னையில் வேலை பார்க்கும் என் மச்சினன் புதுசாக மூன்றாவது கேள்வி ஒன்றைப் போட்டான்.

“அத்தான், வாட்டர் ஸ்கீயிங் கிளவுஸ்னு ஒண்ணு பார்த்தேன். ஈரத்துல பிரமாதமா கிரிப் கிடைக்குமாம். அருவியில கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்க வாங்கிட்டு வரட்டுமா?”

“மாப்ளே, ஐந்தருவி போற வழியில வெண்ணமடைக் குளத்துல படகு இருக்கு. ஆனா அது மிதிபடகு. அதுக்குப் பின்னால கயிறு கட்டி நீ சறுக்கணும்னா, முன்னால மிதிக்கிறவன் உயிர் போயிரும்!”

கிண்டல் பண்ணினாலும், கேள்வி நல்ல கேள்விதான். ஈரத்தில் பிடி நழுவாமல் இருப்பது எப்படி? இதற்கு ஸ்கீயிங்காரர்களிடம் பாடம் இருக்கிறது.

இரும்பு வளையமும் ஒட்டு நாடாவும்

வாட்டர் ஸ்கீயிங்கை ஆரம்பித்து வைத்தவர் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து இளைஞர் ரால்ஃப் சாமுவேல்சன். 1922-ல் பெப்பின் ஏரியில் படகுக்குப் பின்னால் தண்ணீர் மேல் நின்று காட்டியபோது அவருக்கு 18 வயது, மறுநாள் 19-வது பிறந்தநாள்! பலகையின் நுனியை வெந்நீரில் போட்டு வளைத்தார். ஜன்னலுக்குக் கட்டும் கயிறு 100 அடி. கைப்பிடிக்குக் கொல்லர் செய்து கொடுத்த இரும்பு வளையம். அதன் மேல் நாடா சுற்றிக்கொண்டார். ஆக, விளையாட்டு பிறந்த அன்றே ‘கிரிப்’ பிரச்னையும் பிறந்துவிட்டது.

இன்றைக்குப் போட்டிகளில் படகு மணிக்கு 58 கிலோமீட்டர் வேகம் வரை இழுக்கிறது. வெறுங்கையில் பிடித்தால் உள்ளங்கை தோல் உரிந்துவிடும். அதனால்தான் கிளவுஸ்.

வாங்குவதாக இருந்தால் கவனியுங்கள். உள்ளங்கைப் பக்கம் ஈரத்தில் வழுக்காத செயற்கைத் தோலாக இருக்க வேண்டும். கையோடு ஒட்டினாற்போல் இறுக்கமாக இருக்க வேண்டும். ஈரமானால் இன்னும் கொஞ்சம் தளரும். போட்டுக்கொண்டு முஷ்டியை மடக்குங்கள். உள்ளங்கையில் துணி சுருண்டால் வேண்டாம், அந்த மடிப்புதான் கொப்புளம் போடும். மணிக்கட்டில் பட்டை அவசியம். ரொம்பத் தடிமனும் ஆகாது. பிடிப்பது பருமனாகி, முழங்கை வரைக்கும் சீக்கிரம் வலி எடுக்கும். ஆபீஸுக்கு பைக்கில் போகும்போது மாட்டுகிற கிளவுஸா? அதற்குள் இருக்கும் பஞ்சு தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கர்ப்பிணி மாதிரி ஆகிவிடும்!

இயற்கை தந்த கிளவுஸ்

சரி, குற்றாலத்துக்கு இது வேண்டுமா? என் கட்சி, வேண்டாம்!

காரணம் நம் விரலிலேயே இருக்கிறது. தண்ணீரில் ஊறினால் விரல் நுனி சுருங்குகிறதே, அது வெறுமனே ஊறுவதால் வருவதில்லை. நரம்பு செய்கிற வேலை. நரம்பு அறுபட்ட விரல் சுருங்குவதில்லை என்பது டாக்டர்களுக்கு ரொம்ப நாளாகவே தெரியும். 2013-ல் இங்கிலாந்தின் நியூகாஸில் பல்கலைக்கழகத்தில், ஈரமான கோலிக்குண்டுகளை எடுத்து மாற்றச் சொன்னார்கள். சுருங்கிய விரல்காரர்கள்தான் வேகமாக முடித்தார்கள். அடுத்த வருஷம் வேறு சிலர் செய்த சோதனையில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. 2021-ல் வெளியான இன்னொரு ஆய்வோ, சுருங்கிய விரலுக்கு ஈரப்பொருளைப் பிடிக்கக் குறைந்த அழுத்தமே போதும் என்றது.

இந்த இலவச கிளவுஸை நாம்தான் கெடுக்கிறோம், எண்ணெய் மசாஜ் பண்ணிக்கொண்டு நேராக அருவிக்குள் ஓடி! எண்ணெய்க் கையில் கம்பி நிற்குமா? உங்கள் உடம்பிலிருந்து வழிகிற எண்ணெய் அடுத்தவர் காலடியில் போய் வழுக்கும். அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று தடை போட்டிருப்பது சும்மா இல்லை.

கையில் மோதிரமா? கழற்றி ரூமில் வையுங்கள். குளிரில் விரல் சிறுத்து, மோதிரம் நழுவும். கம்பியில் மாட்டிக்கொண்டால் விரலுக்கே ஆபத்து.

இன்னொன்று. குற்றாலத்தில் முதலில் வழுக்குவது கையல்ல, கால். பாசிப் பாறையில் தேய்ந்த ரப்பர் செருப்பைவிட வெறுங்காலே மேல். முழுப் பாதத்தையும் பதித்து, சின்னச் சின்ன அடியாக நடங்கள். ‘ஹீரோ’ மாதிரி ஓடினால் காமெடியனாகத்தான் விழ வேண்டும்!

விடத் தெரியணும்!

ஸ்கீயிங்காரர்களின் முக்கியமான பாடம் இனிமேல்தான். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. விழப் போகிறோம் என்று தெரிந்தால் கைப்பிடியை உடனே விட்டுவிட வேண்டும். விடாமல் பிடித்திருந்தால் படகு தரதரவென்று இழுத்துக்கொண்டு போகும்.

அருவிக்கும் அதேதான். பேரருவித் தண்ணீர் பொங்குமாங்கடலில் விழுந்து, வேகம் தணிந்துதான் நம் தலையில் இறங்குகிறது. ஆனால் மலை மேல் மழை கொட்டினால் அந்தத் தணிவெல்லாம் செல்லாது. கீழே நமக்கு வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே வெள்ளம் புறப்பட்டிருக்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அப்படித்தான் திடீரென்று வெள்ளம் வந்தது. பதினேழே வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். அது சீஸன்கூட இல்லை, கோடை மழை.

தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமாகிறதா? இலையும் குச்சியுமாக வருகிறதா? இரைச்சல் கூடுகிறதா? போலீஸ்காரர் விசில் ஊதுகிறாரா? அந்த நிமிஷமே கம்பியை விட்டுவிட்டு, சுவரோரமாக வெளியே வந்துவிடுங்கள். ‘கெட்டியா பிடிச்சுக்கிட்டு நின்னா சமாளிச்சிரலாம்’ என்பது வேண்டாத வீரம். பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் குளிக்கவே விடமாட்டார்கள். “எவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்கோம் சார்!” என்று அந்தப் போலீஸ்காரரிடம் மல்லுக்கட்டாதீர்கள். வெள்ளத்துக்கு நீங்கள் சென்னையா, செங்கோட்டையா என்று தெரியாது.

தலை துவட்டிக்கொண்டு பிரானூர் பார்டர் பக்கம் போனால் சூடாக பரோட்டாவும் சிக்கனும் கிடைக்கும். அங்கே வேண்டுமானால் பிடித்த பிடியை விடாதீர்கள்... கிளவுஸ் போடாமல்!