வழித்தங்கலில் நன்னீர்: திருமுக்கூடலை முன்வைத்து

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில் சோழ மன்னன் வீரராஜேந்திரனின் நீண்ட கல்வெட்டொன்று இருக்கின்றது. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அக்கல்வெட்டு, கோயிலைச் சார்ந்திருந்த கல்விச்சாலை, மாணவர் விடுதி, பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஆகியவற்றுக்கான செலவினங்களை நிரல்படுத்துகின்றது. மருத்துவ வரலாற்றாசிரியர்கள் அதில் வரும் மருத்துவரையும் சல்லிய வைத்தியரையும் மருந்துப் பெயர்களையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அதே பட்டியலில் ஏலமும் வெட்டிவேரும் இட்ட குடிநீருக்கும் தனியே ஒதுக்கீடு செய்யப்பட்டிருப்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மூன்று ஆறுகள் கூடும் கரையிலேயே குடிநீரைத் தனிச் செலவினமாகக் கருதியுள்ளனர். ஆற்றங்கரையில் இருப்பது வேறு, குடிக்கத்தக்க நீர் கையில் இருப்பது வேறு என்பதை அக்காலத்தவர் அறிந்திருந்தனர்.

இன்று இவ்வேறுபாட்டை மறந்து பயணம் புறப்படுவோர் பெருகி வருகின்றனர். படுக்கையும் அடுப்பும் நீர்த்தொட்டியும் பொருத்திய கேரவன் ஊர்திகளில் தங்கிச் சுற்றும் வழக்கம் நம் நாட்டிலும் பரவுகின்றது. கேரள அரசு 2021இல் இதற்கெனவே 'கேரவன் கேரளா' திட்டத்தை அறிவித்தது. நம் குடும்பங்களிலோ வாடகை வேனில் எரிவாயு அடுப்பையும் இருபது லிட்டர் தண்ணீர்க் கேன்களையும் ஏற்றிக்கொண்டு புறப்படுவதே பெருவழக்கு. ஊர்தி எதுவாயினும், குழாயும் மின்கம்பமும் இல்லாத இடத்தில் இரண்டு இரவு தங்க நேர்ந்தால் எழும் வினா ஒன்றுதான்: எவ்வளவு நீர், எதற்கு?

நகர வீடுகளுக்கு நம் நாட்டுப் பொறியியல் கையேடுகள் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று அளவிடுகின்றன. பேரிடர்க் காலங்களில் துயர்துடைப்பு நிறுவனங்கள் கைக்கொள்ளும் 'ஸ்ஃபியர்' வரையறையோ 15 லிட்டரைக் குறைந்தபட்ச அளவாகக் கொள்கின்றது. பயணியின் கணக்கு இவ்விரண்டாவது எண்ணை ஒட்டியே அமைய வேண்டும். நால்வர் கொண்ட ஒரு குடும்பம் கோடையில் திருமுக்கூடல் கரையில் இரண்டு நாள் தங்குவதாகக் கொள்வோம். குடிக்க ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம் 32 லிட்டர். சமைக்க 3 லிட்டர் வீதம் 24. பாத்திரம் கழுவ நாளுக்கு 10 வீதம் 20. ஆக 76 லிட்டர். எஞ்சியிருப்பது உளூ.

கணக்கு தடம்புரள்வது பெரும்பாலும் இவ்விடத்திலேதான். நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு நீரில் உளூச் செய்தார்கள் என்றும், ஒரு 'ஸாஉ' முதல் ஐந்து முத்து வரையான நீரில் குளித்தார்கள் என்றும் அனஸ் (ரலி) அவர்கள் வழியாக வரும் அறிவிப்பு நாமனைவரும் அறிந்ததே. ஷாஃபிஈ மத்ஹபின்படி ஒரு முத்து என்பது ஏறத்தாழ முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. ஹனஃபி மத்ஹபில் இவ்வளவு சற்றுக் கூடும். நால்வரும் இரு நாளில் செய்யும் நாற்பது உளூவுக்கு 28 லிட்டர் போதும். குழாயைத் திறந்துவிட்டுச் செய்தால்? நிமிடத்துக்கு 6 லிட்டர் ஒழுகும் குழாயில் இரண்டு நிமிடம் நின்றால் 12 லிட்டர். நாற்பது முறைக்கு 480. எந்த வேனும் அதைச் சுமக்காது. ஆகவே உளூவுக்குக் குழாயைத் தவிர்த்து, அளவு குறித்த குவளையொன்றை ஒதுக்கிவிடுவதே சாலச் சிறந்தது. 76உம் 28உம் சேர்ந்து 104. எதிர்பாராத தேவைக்கு 16 லிட்டர் கூட்டினால் ஆறு கேன்கள்.

எடையும் நினைவிற்கொள்ளத்தக்கது. லிட்டருக்கு ஒரு கிலோ. 120 லிட்டர் என்பது ஏறத்தாழ இருவரின் எடை. கூரைமேல் ஏற்றாது, தாழ்வாகவும் சக்கர அச்சுக்கு அருகிலும் வைத்துக் கட்டவேண்டும். பாதி நிறைந்த பெருந்தொட்டி வளைவுகளில் அலைமோதி ஊர்தியைச் சாய்க்கும். தனித்தனிக் கேன்களில் இத்தொல்லை குறைவு. ஒரு கேன் கெட்டாலும் மற்றவை தப்பும். விலையுயர்ந்த தொட்டியைக் காட்டிலும் கேன்களையே நான் விரும்புவதற்கு இதுவே காரணம்.

தொட்டியே பொருத்துவோர் அது உணவுத்தர நெகிழியாலோ துருப்பிடிக்காத எஃகாலோ ஆனதாகவும், பாசி பிடியாதவாறு ஒளி புகாததாகவும் இருக்கப் பார்த்துக்கொள்க. பயணத்துக்கு முன் 100 லிட்டர் நீருக்கு 5 விழுக்காடு குளோரின் கரைசல் 100 மில்லிலிட்டர் வீதம் கலந்து, குழாய்களிலும் செலுத்தி, நான்கு மணி நேரமாவது விட்டுப் பின் வாடை அகலும்வரை அலச வேண்டும்.

இங்கே ஃபிக்ஹு சார்ந்த ஒரு குறிப்பு. ஷாஃபிஈ மத்ஹபில் 'இரண்டு குல்லத்' என்னும் அளவு, ஏறத்தாழ 200 லிட்டர், நீரின் எல்லைக்கோடாகும். அதற்குக் குறைந்த நீரில் நஜீஸ் பட்டால், நிறமோ சுவையோ வாடையோ மாறாவிடினும் அது அசுத்தமாகிவிடும். வேனில் செல்லும் தொட்டி பெரும்பாலும் இவ்வெல்லைக்கு உட்பட்டதே. எனவே அதில் கைவிட்டோ குவளையை முக்கியோ அள்ளாமல் குழாய்வழி எடுப்பதே பேணுதலானது. சுகாதார இயலும் இதனையே சொல்கின்றது. எனினும் இரண்டையும் ஒன்றெனக் குழப்பலாகாது. உளூவுக்குத் தூய்மையான நீர் குடலுக்கும் தூய்மையானது என்று எந்த இமாமும் சொன்னதில்லை. கடல்நீர் உளூவுக்கு ஏற்றது. குடித்தால் தாகம் மிகும்.

கொண்டுசென்ற நீர் தீர்ந்துவிட்டால் ஆற்றை நாட வேண்டியதுதான். பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மேற்பரப்பில் நீர் ஓடுவதில்லை; 2021 நவம்பரில் கண்ட பெருவெள்ளம் போன்றவை விதிவிலக்குகள். ஆனால் மணலுக்கடியில் நீர் நகர்ந்துகொண்டேயிருக்கும். காஞ்சிபுரம் நகருக்கே ஓரிக்கை, திருப்பாற்கடல் முதலிய இடங்களிலுள்ள பாலாற்று ஊற்றுக்கிணறுகளிலிருந்துதான் குடிநீர் செல்கின்றது. மணலில் ஊற்றுத் தோண்டும் பழைய முறை இதன் சிறுவடிவம். முதலில் சுரக்கும் கலங்கல் நீரை இறைத்துவிட்டு, மெல்ல ஊறும் தெளிந்த நீரை முகக்க வேண்டும். மணல் கலங்கலையும் கிருமிகளிற் பலவற்றையும் தடுக்கும், அனைத்தையும் அன்று. மணல் அள்ளப்பட்டுக் களிமண் தெரியும் இடங்களில் இவ்வடிகட்டியே இல்லை.

எந்தப் பக்கம் தோண்டுவது என்பதும் முக்கியம். வேகவதி காஞ்சி நகரின் ஊடாக அதன் கழிவுநீரைச் சுமந்துகொண்டு வந்து சேர்கின்றது. அதன் பக்கத்தைத் தவிர்க்க. பாலாற்றின் மேற்பகுதிக் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகள் நம் சமுதாயத்தின் செல்வத்தையும் கல்விக்கூடங்களையும் வளர்த்தவை. அங்குள்ள நிலத்தடி நீரை உவர்ப்பாக்கியவையும் அவையே. உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் வழங்கிய தீர்ப்பும், 2025 ஜனவரியில் மீண்டும் வழங்கிய தீர்ப்பும் இதனை ஐயமற உரைக்கின்றன. கசப்பான இவ்வுண்மையில் பயணிக்கு உரிய பாடம் உண்டு. கொதிக்கவைப்பது கிருமியைக் கொல்லும். உப்பையும் குரோமியத்தையும் அகற்றாது, நீர் ஆவியாகும் அளவுக்கு அவற்றைச் செறிவாக்கவே செய்யும். படிகாரமும் தேற்றாங்கொட்டையும் கலங்கலைப் படியவைக்கும், அவ்வளவே. கரைந்த உப்புகளை அளக்கும் சிறு கருவி இன்று எளிதிற் கிடைக்கின்றது. இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராமை விரும்பத்தக்க வரம்பாகவும், வேறு நீரில்லாதபோது 2000ஐ உச்ச வரம்பாகவும் கொள்கின்றது. கருவி குறைந்த எண்ணைக் காட்டினாலும் அது கிருமியின்மைக்குச் சான்றாகாது. நச்சு உலோகத்தையும் அது பிரித்துக் காட்டாது. ஐயத்துக்குரிய இடத்து நீரைக் கழுவுவதற்கு மட்டும் கொள்க.

உப்புக் குறைந்த, ஐயமற்ற ஊற்றுநீராயின் வரிசை இதுதான்: படியவிடுதல், துணியில் வடித்தல், பின் ஒரு நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிடுதல். எரிபொருள் போதாவிடில், மணமோ பிற சேர்ப்பொருளோ இல்லாத 5 விழுக்காடு குளோரின் கரைசலைத் தெளிந்த நீரில் லிட்டருக்கு இரண்டு சொட்டு கலந்து அரைமணி நேரம் காத்திருக்கலாம். கலங்கல் நீரில் குளோரின் தன் ஆற்றலை அழுக்கின்மீதே செலவிட்டுவிடும். ஆதலால் படியவிடுதல் முந்த வேண்டும். கூஃபாவிலிருந்து மக்காவுக்குச் செல்லும் ஹஜ் பாதையில் ஹாரூன் ரஷீதின் துணைவியார் ஸுபைதா (மறைவு ஹிஜ்ரி 216 / கி.பி. 831) பெயரால் விளங்கும் நீர்த்தேக்கங்கள் சிலவற்றிலும் இந்த அறிவைக் காணலாம். வெள்ளநீர் முதலில் ஒரு சிறு தொட்டியில் நின்று வண்டலை இறக்கிய பின்னரே பெருந்தேக்கத்துக்குள் புகுந்தது.

நீர் மிகக் குறைந்துபோனால் முதலில் நிறுத்த வேண்டியது எது? ஃபிக்ஹு நூல்கள் தயக்கமின்றி விடையளிக்கின்றன. இருக்கும் நீர் தன் தாகத்துக்கோ உடன்வருவோர் தாகத்துக்கோ, உடனிருக்கும் கால்நடையின் தாகத்துக்கோ தேவைப்படுமாயின் தயம்மும் செய்து தொழுதுகொள்ள வேண்டும், நீர் உயிர்க்குரியது. உளூவுக்காகக் கடைசிக் கேனைத் திறந்துவிட்டுக் குழந்தைகளைத் தாகத்தில் வைப்பது பேணுதலன்று.

உளூவில் உறுப்புகளிலிருந்து வடியும் நீர் ஷாஃபிஈ மத்ஹபில் சுத்தமானது, ஆனால் மீண்டும் சுத்தப்படுத்தத் தகாதது. அதனை ஒரு வாளியில் ஏந்திக்கொண்டால் கழிப்பறையில் ஊற்றவும் சக்கரத்துச் சேற்றைக் கழுவவும் ஆகும். பாத்திரம் கழுவிய சோப்பு நீரை ஆற்று மணலில் கொட்டாது, கரைக்கு அப்பால் மண்ணில் குழிதோண்டி விட வேண்டும். மலத்தொட்டியை ஊர் திரும்பிய பின், கழிவுநீரேற்றும் ஊர்தியிடமோ பாதாளச் சாக்கடை இணைப்புள்ள இடத்திலோதான் காலிசெய்ய வேண்டும். நீர்த்துறையிலும் வழியிலும் நிழலிலும் மலங்கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். திருமுக்கூடலுக்குக் கீழேயும் கடல்முகமான வாயலூர் வரை, பாலாற்று மணலில் ஊறும் நீரைக் குடிக்கும் ஊர்கள் இருக்கின்றன.