காற்றைப் படிக்கும் பள்ளி

கடலோடுவதைப் பள்ளி வைத்துக் கற்பிப்பார்களா என்று கேட்டால் நம் கரையோர மக்கள் நகைப்பர். தந்தையின் பின்னே வள்ளத்தில் ஏறிய பிள்ளை, பாடமென்று அறியாமலே பாடம் பயில்கின்றான். வாடை எது, சோளகம் எது, கச்சான் எது என்று அவனுக்கு எழுதிக் காட்டியவர் எவருமிலர். ஆயின், தந்தை கடலை விட்டு விலகிவிட்டால் மகனுக்குக் கற்பிப்பவர் யார்? இவ்வினாவை எண்ணும்போதெல்லாம் நான் பயின்ற ஒரு பள்ளி என் நினைவுக்கு வருகின்றது.

பிரான்சு நாட்டின் மேற்கே, பிறிற்றனிக் கரைக்கு அப்பால், கிளெனான் என்னும் சிறு தீவுக்கூட்டம் உண்டு. 1947ஆம் ஆண்டில் பிலிப் வியானே என்பவரும் அவர் துணைவியார் எலேன் அம்மையாரும் அங்கே ஒரு நிலையத்தை நிறுவினர். நாசிகளின் ஆக்கிரமிப்புக் காலத்தில் மறைவாகப் பத்திரிகை நடத்தி எதிர்த்து நின்றவர்கள் அவர்கள். போரினால் நொந்த இளைஞர் இளைப்பாற வேண்டும் என்பதே முதல் நோக்கம். அவ்விளைஞருக்கு ஓய்வைவிடப் பொறுப்பே நல்ல மருந்தாயிற்று. இளைப்பாறும் இடம் விரைவிலே பாய்ப்படகுப் பள்ளியாக மாறிற்று.

'யொட்' எனப்படும் பாய்ப்படகு செல்வரின் விளையாட்டுப் பொருளாக இருந்த காலம் அது. எளியோரும் ஏறக்கூடிய படகு வேண்டுமென்று பள்ளியார் விரும்பினர். ஏர்புலோ என்னும் சிற்பி 1951இல் ஒட்டுப்பலகையால் அமைக்கத்தக்க ஒரு சிறு படகை வரைந்து கொடுத்தார். நீளம் நான்கு மீற்றருக்குச் சற்றே அதிகம். அதற்கு 'வோரியன்' என்று பெயரிட்டனர். உதவாக்கரை என்பது அதன் பொருள். கரைக்கு உதவாவிடினும் கடலுக்கு உதவிற்று அப்படகு. பல்லாயிரக் கணக்கிற் கட்டப்பட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் அத்தீவில் இரண்டு வாரம் மாணவனாயிருந்தேன். ஆசிரியை இருபது வயது கடந்த ஒரு பெண், ஊதியம் பெறாதவர். முன்னர் அங்கே கற்றவரே பின்னர் அங்கே கற்பிப்பது பள்ளியின் மரபு. சமையலும் பாத்திரம் கழுவுதலும் பாய் தைத்தலும் எங்கள் வேலைகளே.

காற்று வரும் திசையை நோக்கி எந்தப் பாய்ப்படகும் நேராகச் செல்லாது. ஏறக்குறைய நாற்பத்தைந்து பாகை சரிந்து, ஒருமுறை வலமும் ஒருமுறை இடமுமாகத் திரும்பித் திரும்பியே முன்னேற வேண்டும். அடியில் இறக்கிய பலகை, படகு பக்கவாட்டில் நழுவாமற் காக்கும். அணியம் காற்றுக்கு மிக நெருங்கினால் பாயின் முன்விளிம்பு படபடக்கும். ஆசிரியை இதனை விளக்கியது ஒரே தடவைதான். பின்னர் சுக்கானை என் கையில் ஒப்படைத்துவிட்டு வாய்திறவாது அமர்ந்திருந்தார். பாய் படபடத்தபோது அவர் பாயையே பார்த்தார், நானும் பார்த்தேன், கை தானாகவே திருத்திக்கொண்டது. ஆசிரியத் தொழிலில் உள்ள எனக்கு அந்த மௌனம் பெரியதொரு பாடமாக இருந்தது.

அத்தீவில் இருந்தபோது என் எண்ணம் வல்வெட்டித்துறைக்கே ஓடிற்று. அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் வாங்கினார். வல்வை மாலுமிகள் அதனைச் செலுத்திச் சென்று, 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்தனர். அவர்களது வித்தை கைவழியாக வந்த வித்தை. இயந்திரம் வந்தது; பாய் சுருண்டது. பின்னர் போர்க்காலத் தடைகள் பல்லாண்டுகளாகக் கடலையே அடைத்து வைத்தன. கைகளின் சங்கிலி அறுந்தது.

கிளெனான் பள்ளியாரோ தம் பாடங்களை நூலாக்கினர். அந்நூல் பிறமொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. குலத்தொழிலாக வராத வித்தையை அவர்கள் யாவர்க்கும் பொதுவாக்கினர். குலத்தொழிலாக வந்த வித்தையை நாம் யாருக்கும் இல்லாமற் போக விடலாமா?

பாய் விரித்து ஓடிய முதியோர் சிலரேனும் நம் கரைகளில் இன்னும் உளர். கடலோரப் பாடசாலை ஆசிரியர்கள் மாணவரை அவர்களிடம் அழைத்துச் செல்லட்டும். முடிச்சுகளின் பெயரையும் காற்றுகளின் குணத்தையும் கேட்டு எழுதட்டும். ஒரு கொப்பியும் சில மாலைப்பொழுதுகளும் இதற்குப் போதும். அவர்கள் இருக்கும்போதே அது நடைபெற வேண்டும்.