33ஆம் படியில் முட்டிய கணக்கு

திருத்தணி முருகன் கோயிலுக்கு 365 படிகள். நாளுக்கு ஒன்று என்று கணக்குச் சொல்வார்கள். அந்தப் படிகளில் நாம் ஒரு நோய்க் கணக்குப் போடுவோமா?

அடிவாரத்தில் ஒருவருக்குக் காய்ச்சல். அவரிடமிருந்து 2 பேருக்குத் தொற்றுகிறது. அந்த இருவரிடமிருந்து ஆளுக்கு 2 பேருக்கு. சுற்றுக்கு ஒரு படி ஏறுங்கள். 2, 4, 8... 10ஆம் படியில் 1,024 பேர். 20ஆம் படியில் பத்து லட்சம் தாண்டிவிடும். 33ஆம் படியில் சுமார் 859 கோடி! உலக மக்களே 800 கோடிச் சொச்சம்தானே?

பெருக்கல் சரிதான். ஆனால், நோய் கண்டு தேறியவர்களுக்குப் பெரும்பாலும் அதே நோய் உடனே வராது. அப்படிப்பட்டவர்கள் கூடக்கூட, நோய்க்குப் புது ஆள் கிடைப்பது குறையும். இதை 1927இல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இருவர் சமன்பாடுகளாக எழுதினார்கள். ஊரை மூன்றாகப் பிரித்தார்கள்: நோய் வராதவர், நோயாளி, நோயிலிருந்து விடுபட்டவர் அல்லது இறந்தவர். ஒரு பிரிவிலிருந்து அடுத்ததற்கு எவ்வளவு வேகமாக ஆட்கள் மாறுகிறார்கள் என்பதுதான் கணக்கு. மெக்கென்ட்ரிக் இமயமலையடிவாரக் கசௌலியில் வேலை பார்த்த மருத்துவர். 1905-06இல் பம்பாயில் பிளேக்கால் இறந்தவர்களின் வாராந்தர எண்ணிக்கையோடு இருவரும் தங்கள் கணக்கை ஒப்பிட்டார்கள். எண்ணிக்கை ஏறி, உச்சிக்குப் போய், இறங்கிய விதம் கணக்கோடு நன்றாகவே ஒத்துப்போனது.

சரி, ஒவ்வொரு நோயாளியும் அளந்து வைத்ததுபோல 2 பேருக்குத்தான் பரப்புவாரா? இல்லை, அது சராசரி. 2020இல் கொரோனா வந்தபோது தமிழ்நாட்டிலும் பக்கத்து ஆந்திராவிலும் சுகாதாரப் பணியாளர்கள் நோயாளிகளோடு பழகியவர்களைத் தேடித் தேடிப் பரிசோதித்தார்கள். சுமார் 85,000 நோயாளிகள், அவர்களோடு பழகிய 5,75,000 பேர்! அந்தத் தகவல்களை ஆராய்ந்தபோது, பழகியவர்களின் பரிசோதனை முடிவு கிடைத்த நோயாளிகளில் 100க்கு 71 பேரிடமிருந்து யாருக்கும் தொற்றியதாகத் தெரியவில்லை. சிலரிடமிருந்துதான் பலருக்குப் பரவியிருந்தது. காற்றோட்டமில்லாத இடத்தில் கூட்டம் கூடினால், அப்படி ஒருவரிடமிருந்தே பலருக்குப் பரவிவிடலாம். அங்கே கூட்டம் கூடாமல் பார்த்துக்கொள்வது ஏன் முக்கியம் என்று இப்போது புரிகிறதா?

தடுப்பூசியும் இதே கணக்குத்தான். ஒருவர் 3 பேருக்குப் பரப்பும் நோய் என்று வைத்துக்கொள்வோம். மூவரில் இருவருக்கு முன்பே பாதுகாப்பு இருந்தால், ஒருவருக்குத்தான் தொற்றும், நோய் பெருகாது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பாதுகாப்பு இருந்தால், நோய் தானே தேய்ந்துவிடும்.

உங்களுக்கு ஒரு கேள்வி: ஒருவர் 4 பேருக்குப் பரப்பும் நோய் பெருகாமல் இருக்க, 100 பேரில் குறைந்தது எத்தனை பேருக்குப் பாதுகாப்பு வேண்டும்?

(விடை: 75)